உறவில் பேச்சு நின்றுபோனால்: டெல்டாவில் மனநல ஆலோசனைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. பிறந்த வீடு திருவையாற்றுப் பக்கம். அப்பா இறந்த நான்காவது மாதம் அண்ணன் கடைக்கு வந்தார். “திங்கக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா” என்றார். நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். நான் போகவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு மூன்று வருடம் நின்றது. பொங்கல் சீர் வரவில்லை, நானும் அந்த வாசலை மிதிக்கவில்லை. தூக்கம் போனது. ஒரே மாதத்தில் இரண்டு பேருடைய ரவிக்கைத் துணியைத் தப்பாக வெட்டி, துணிக்குக் காசு கொடுத்தேன்.

யாரிடமாவது போய்ப் பேசலாம் என்று முடிவெடுத்த பிறகும், சரியான ஆளிடம் போய்ச் சேர மூன்று மாதமும் வீணாய்ப் போன 6,000 ரூபாயும் ஆயிற்று. உங்களுக்கு அது ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. இது ஆலோசனைக்குரிய விஷயம்தானா?

அடி, உதை, மிரட்டல் இருக்கிறதா? அப்படியானால் சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஆலோசனைக்கு இப்போது போகாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181. உடனடி ஆபத்து என்றால் 112. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு, அவரிடம் புகார் கொடுக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே தனக்குத் தானே ஏதாவது தீங்கு செய்துகொண்டுவிட்டால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்க வேண்டாம்.

சொத்துத் தகராறு என்றால் அதற்கு வக்கீல் வேண்டும். வசதி இல்லை என்று கவலை வேண்டாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100. நான் செய்த முதல் தப்பு இதில்தான். ஆலோசகர் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி அண்ணனைக் கூப்பிட்டுக் கண்டிப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். மனம் குழம்பியிருக்கும்போது எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட மாட்டேன் என்று சபதமும் போடாதீர்கள். தள்ளிவையுங்கள், அது போதும்.

2. போவதற்கு முன் ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள்

இந்தப் படியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு அமர்வு மிச்சமாகியிருக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஐந்து கட்டம் போடுங்கள்: நடந்தது என்ன, அப்போது மனதில் ஓடியது என்ன, என்ன உணர்ச்சி, நூற்றுக்கு எவ்வளவு, பிறகு நான் என்ன செய்தேன். அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் 1960களில் உருவாக்கிய சிந்தனை நடத்தைச் சிகிச்சையில் கொடுக்கிற வீட்டுப்பாடம் கிட்டத்தட்ட இதுதான். எப்படியும் எழுதச் சொல்வார்கள், முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது கட்டத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். நம் ஊரில் எதற்கும் “கோவம்” அல்லது “மனசு சரியில்ல”, இரண்டே சொல்தான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த தொல்காப்பிய மெய்ப்பாட்டுப் பட்டியல் கைகொடுத்தது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டையும் நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எட்டில் எது என்று தேடினேன். இளிவரல் என்றால் தன்னைத் தானே தாழ்வாக, கேவலமாக உணர்வது. மருட்கை வியப்பு. மற்றவை உங்களுக்கே தெரியும்.

அந்த நூல் பட்டியலோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நான்கு நான்கு காரணமும் சொல்கிறது. வெகுளிக்கு அது சொல்லும் நான்கு: உறுப்பை அறுத்தல், குடிகளைத் துன்புறுத்தல், அடித்து வைதல், கொலை. அண்ணன் எனக்கு இதில் ஒன்றையும் செய்யவில்லை. அழுகைக்குச் சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது கேவலப்படுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. இதைப் படித்தபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். மூன்று வருடமாகக் கோபம் என்று நான் பேர் வைத்திருந்தது அழுகை. என்னைக் கேட்காமலே தேதி குறித்தது இளிவு. இழவோ அப்பா. காரியத்துக்கு வந்தவர்களுக்குப் பந்தி பரிமாறியதில் அப்பாவுக்காக நான் உட்கார்ந்து அழவே இல்லை.

இது இலக்கிய ரசனைக்காகச் சொல்வது இல்லை. உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைத்தாலே அதன் வேகம் குறைகிறது என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் மூளைப் படம் எடுத்துக் காட்டியிருக்கிறது. முகங்களைப் பார்த்து உணர்ச்சியின் பெயரைச் சொன்னவர்களுக்கு, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் பதற்றம் குறைந்தது. நமக்கு வேண்டிய பெயர்கள் தமிழிலேயே இருக்கின்றன, எடுத்துப் பயன்படுத்துவோம்.

என் நோட்டிலிருந்து ஒரு வரி, மாதிரிக்கு. நடந்தது: அண்ணி கடைத்தெருவில் பார்த்தும் பேசாமல் போனார். மனதில் ஓடியது: என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. உணர்ச்சி: வெகுளி என்று எழுதி அடித்துவிட்டு, இளிவரல். அளவு: 80. செய்தது: வீட்டுக்கு வந்து பிள்ளையைத் திட்டினேன்.

அந்தக் கடைசிக் கட்டத்தைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். “செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்” என்று 301ஆம் குறள் சொல்வது இதைத்தான். கோபம் செல்லுபடியாகிற இடத்தில், நம்மைவிட எளியவரிடம், அடக்குகிறவரே அடக்குகிறவர். ஒரு வார நோட்டைப் புரட்டினால் உங்கள் கோபம் யார் தலையில் விடிகிறது என்று தெரிந்துவிடும்.

3. யாரிடம் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சை தருபவர், மாத்திரை எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைச் சி.ஆர்.ஆர். எண் என்று கேளுங்கள், அதை மன்றத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். மூன்றாவது வகை, “கவுன்சிலர்” என்று பலகை மாட்டியவர்கள். அவர்களில் சமூகப்பணியோ உளவியலோ ஒழுங்காகப் படித்த நல்லவர்கள் உண்டு. மூன்று நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. பலகையைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

நான் மாட்டிக்கொண்டது அந்தக் கடைசி வகையில். பத்து அமர்வு 12,000 ரூபாய், பாதி முன்பணம். முதல் நாளே என் ராசி, நட்சத்திரம் கேட்டார். இரண்டாம் நாள் “மன்னிச்சுட்டேன்னு நூறு தடவை சொல்லுங்க” என்றார். மூன்றாம் நாள் நான் போகவில்லை. முன்பணம் திரும்ப வராது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

ஆகவே: மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். இத்தனை நாளில் குணமாகும் என்று உறுதி தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பதிவு எண் கேட்டால் முகம் சுளிப்பவரிடமிருந்தும்.

எங்கள் அம்மா, “குணசீலத்துல ஒரு மண்டலம் இருந்துட்டு வந்தா எல்லாம் சரியாயிடும்” என்றார். காவிரிக் கரையில் அந்தப் பெருமாள் கோவிலில் மனநோய் தீர 48 நாள் தங்குகிற வழக்கம் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம்பிக்கை இருந்தால் போய்வாருங்கள், நானும் ஒரு சனிக்கிழமை போய்வந்தேன். ஆனால் அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

4. காசில்லாமல் தொடங்க இரண்டு வழி

ஒன்று, டெலி மானஸ். 14416, அல்லது 1800 891 4416. 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிற ஒன்றிய அரசின் சேவை. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. யாரிடமும் சொல்ல முடியாத முதல் பேச்சை இவர்களிடம் பேசிப் பழகிக்கொள்ளலாம். நான் மொட்டை மாடியில் நின்றுகொண்டு பேசினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்காத இடமாகப் பாருங்கள்.

இரண்டு, அரசு மருத்துவமனை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி நான்கிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவு எந்தக் கட்டடம் என்று வாசலில் கேளுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் உங்கள் தாலுகா மருத்துவமனையில், “மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்தக் கிழமை வர்றாங்க?” என்று கேளுங்கள். கேள்வியை இப்படியே கேட்க வேண்டும். மொட்டையாக “மனநல டாக்டர் இருக்காங்களா” என்றால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அன்றைக்கு அவர் இருக்க மாட்டார்.

வெளிநோயாளிச் சீட்டு காலையில்தான். எட்டு மணிக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். திங்கட்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் தாங்காது, புதன் வியாழன் பரவாயில்லை. மருத்துவர் பார்ப்பது பத்து நிமிடம் இருக்கலாம். அதற்குள் எல்லாக் கதையும் சொல்ல நினைக்காமல், “எனக்குப் பேச்சு வழிச் சிகிச்சை வேண்டும், உளவியலாளரிடம் அனுப்புங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டவர்களுக்குத்தான் தேதி கிடைக்கிறது.

5. பையில் இருக்க வேண்டியவை

ஆதார் நகல் ஒன்று. ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, சர்க்கரை, பிரஷர் மாத்திரை உட்பட. கடைசி ஒரு வருடத்து இரத்தப் பரிசோதனைத் தாள்கள். தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வும் எரிச்சலும் வரும், அதனால் மருத்துவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். என்னையும் தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கையில் தாள் இருந்திருந்தால் ஒரு நாள் மிச்சம்.

அப்புறம் உங்கள் நோட்டு. அதோடு அரைப்பக்கத்துக்கு மிகாமல் ஒரு சுருக்கம்: எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா. உள்ளே போனதும் அழுகை வந்துவிட்டால் இந்தத் தாளை நீட்டிவிடலாம். எனக்கு வந்தது, நீட்டினேன்.

கொண்டுபோகக் கூடாதது: பட்டா, பத்திர நகல், வாட்ஸப்பில் அவர் அனுப்பிய செய்திகளின் பிரிண்ட். கட்டுக்கட்டாகச் சாட்சியம் கொண்டுவந்த ஒரு பெரியவரை வரிசையில் பார்த்தேன். உள்ளே நானும் அதையே செய்திருப்பேன், பை சின்னதாகப் போனதால் தப்பித்தேன்.

நீங்கள் சொல்வது வெளியே போகுமோ என்ற பயம் வேண்டாம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்படி உங்கள் தகவல் இரகசியம். பிறர் உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள்தான் உண்டு. 25ஆம் பிரிவின்படி உங்கள் பதிவேட்டின் நகலை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

6. செலவு

எனக்கு ஆனதை அப்படியே எழுதுகிறேன். அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒரு முறை, உளவியலாளர் இரண்டு முறை: இலவசம். பகலில் கடையைச் சாத்த முடியாததால் மிச்ச ஐந்து அமர்வுக்கு மாலையில் பார்க்கும் தனியார் உளவியலாளரிடம் மாறினேன். ஒரு முறைக்கு 1,000, மொத்தம் 5,000. எட்டுப் பயணத்துக்கு பஸ், டீ, ஜெராக்ஸ் சேர்த்து 150 வீதம் 1,200. ஏமாந்தது 6,000. கூட்டினால் 12,200. ஏமாறாமல் இருந்தால் உங்களுக்கு இதில் ஏறக்குறைய பாதிதான் ஆகும்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கும்பகோணம் தஞ்சாவூர் புறநகர் வண்டியில் டிக்கெட் உண்டு. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: மனநோய்க்கும் உடல்நோய் போலவே காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உள்நோயாளிச் செலவுக்கு மட்டுமான பாலிசிகளில் இந்த மாதிரி அமர்வுக் கட்டணம் வராது. படித்துப் பாருங்கள்.

7. நாள் பார்த்துத் தொடங்குங்கள்

பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை. நடவு, அறுப்பு, தீபாவளி இவற்றைப் பாருங்கள். அமர்வு வாரம் ஒன்று, முக்கால் மணி நேரம். முதல் நான்கு வாரம் விடாமல் போனால்தான் பிடிக்கும். குறுவை நடவு நேரத்தில் தொடங்கிய எங்கள் தெருக்காரர் இரண்டு வாரம் விட்டார், மூன்றாவது வாரம் போகவே இல்லை. வயல்காரர்களுக்கு சம்பா அறுப்பு முடிந்து மேட்டூர் திறக்கும் வரை, மாசியிலிருந்து வைகாசி வரை, தோதான காலம். என்னை மாதிரித் தையல்காரர்கள் ஐப்பசியில் தொடங்க நினைக்கவே வேண்டாம்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால், மனச்சோர்வுக்கான மாத்திரை வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், ஆகும். முதல் வாரமே பலன் இல்லை என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதும் ஒரே தப்பின் இரண்டு முகம்.

8. உள்ளே என்ன நடக்கும்

முதல் அமர்வு கதை கேட்பதிலேயே போகும். இரண்டாவதிலிருந்து உங்கள் நோட்டின் இரண்டாவது கட்டத்தைப் பிடித்துக்கொள்வார்கள். “அண்ணி பேசாமல் போனார். சரி. மதிக்கவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?” அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நிகழ்ச்சிகள் நம்மை வாட்டுவதில்லை, அவற்றைப் பற்றிய நம் எண்ணமே வாட்டுகிறது என்று ரோமாபுரியில் அடிமையாக இருந்த தத்துவ ஞானி எபிக்டெட்டஸ் சொன்னதை, அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறைக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வேலைசெய்கிற கருவி இது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வீட்டில் இதைச் சொன்னால், “பாத்தியா, எல்லாம் உன் நினைப்புதான்” என்று உங்கள் வாயை அடைக்கப் பயன்படுத்துவார்கள். என்னைக் கேட்காமல் தேதி குறித்தது என் எண்ணம் இல்லை, நடந்தது. அண்ணி பேசாததற்கு நான் கற்பித்த காரணம்தான் என் எண்ணம். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாத ஆலோசகர் என்றால் ஆளை மாற்றுங்கள்.

மௌனத்தைப் பற்றியும் கேட்பார்கள். தம்பதிகள் சண்டை போடுவதைப் பல ஆண்டுகள் கவனித்த ஜான் காட்மன், உறவை அரிக்கிற நான்கில் ஒன்றாகச் சுவர் போல் முகத்தை மூடிக்கொள்வதைச் சொல்கிறார். மற்ற மூன்று: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கும் தன்னைத் தற்காத்துக்கொள்வது. ஊடல் உப்பு மாதிரி, கொஞ்சம் மிஞ்சினாலும் கெட்டது என்று 1302ஆம் குறள் சொன்னது காதலர்களுக்கு என்றாலும், மூன்று வருடம் உப்பைக் கொட்டிய எனக்கும் பொருந்தியது.

இதற்குக் கொடுத்த பயிற்சி எளிது. பேச்சு சூடேறினால், “இருபது நிமிஷம் கழிச்சுப் பேசறேன்” என்று சொல்லிவிட்டு எழ வேண்டும். உடம்பின் படபடப்பு தணிய ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். சொல்லாமல் எழுந்தால் அது மறுபடி சுவர். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வராவிட்டாலும் சுவர்தான். கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதம் என்றார் ரோமாபுரித் தத்துவ ஞானி செனெகா. திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுத் தாமதியுங்கள் என்று நம் உளவியலாளர் சேர்த்துக்கொண்டார்.

9. எதிராளியைக் கூப்பிடுவது

முதல் அமர்விலேயே அவரையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். குறைந்தது நான்கு அமர்வு தனியாகப் போங்கள். கூப்பிடும்போது சொந்தக்காரர் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள், சொல்லுக்குச் சொல் கூடிவிடும். நான் போனில் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணே, அப்பா போனதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஒருத்தர்கிட்ட பேசிட்டு இருக்கேன். ஒரு நாள் நீயும் வர்றியா?” பத்திரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். பதினோரு நாள் கழித்து, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

ஏழாவது அமர்வுக்கு வந்தார். பாதி நேரம் அப்பாவின் கடைசி மாதத்தைப் பற்றியே பேசினார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனை நிலத்தின் மேல் போட்டிருந்ததும், அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பக்கமும் இளிவரல்தான். நிலம் இன்னும் பிரியவில்லை. இருவருமாக ஒரே வக்கீலைப் பார்த்திருக்கிறோம்.

10. எப்போது நிறுத்துவது

நீங்களாக நிறுத்தாமல் உளவியலாளரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு முறை, பிறகு சில மாதம் கழித்து ஒரு முறை வரச் சொல்வார்கள். அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள், நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு அடுத்த தேதி தை கடைசியில். அதற்குள் அண்ணனுக்கு அறுப்பு முடிந்துவிடும், அவருடைய வண்டியிலேயே போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.